சாணி தெளித்த காடு

மார்ச் 9, திங்கள்

அஞ்செட்டிக் காட்டில் ஒரு வருடமாக நான் அளந்துவந்த மண் இன்று பாழாகிவிட்டது. காற்றிலிருக்கும் மீத்தேனை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதுதான் என் ஆய்வு. அங்கே ஒரு சருகுகூட அசையக் கூடாது. நாளை என் பேராசிரியர் வருவதை, காவலுக்கு இருக்கும் முனியம்மா அக்காவிடம் நான்தான் சொன்னேன். போய்ப் பார்த்தால், சருகையெல்லாம் கூட்டித் தள்ளி, வாசல் போலச் சாணி தெளித்து வைத்திருந்தார்.

“பெரிய சாரு வர்ற எடம், குப்பையா கெடந்தா உன்னத்தானே கண்ணு பேசுவாரு?”

“நல்லாயிருக்குக்கா” என்றேன்.

சாணியிலிருந்தே மீத்தேன் வரும். இனி எதை அளந்தாலும் பொய். மறுபடி தொடங்க எனக்குத் தெம்பில்லை. நடந்ததைச் சொன்னால் அக்காவின் வேலை போய்விடும். நாளை பேராசிரியர் அந்த இடத்தைப் பார்க்கும்போது, பாராட்டுவார் என்று அக்காவும் பக்கத்திலேயே நிற்பார்.