டயரில் படாத ஒரு பை

மார்ச் 1, ஞாயிறு
காலையில் பனி. ஒன்பது மணிக்குள் சுள்ளென்று வெயில். மலை தெரியவில்லை.

சைக்கிள் வந்து ஒரு மாதம் ஆகிறது. மதுரையில் ஒருவர் ஓட்டி விற்றது. இருப்பதிலேயே சின்ன அளவு. நாலடி பத்து உயரக்காரிக்கு இரண்டு காலும் தரையில் எட்டுகிற முதல் வண்டி. சந்தோஷம்தான். ஆனால் ஹேண்டில்பாருக்கும் முன் டயருக்கும் நடுவே ஒரு சாண் கூட இல்லை. என் சாணே சின்னச் சாண்.

ஜெசிந்தா ஹேண்டில்பாரில் முன்னால் மாட்டும் பையை இரவல் வாங்கி என் வண்டியில் மாட்டிப் பார்த்தேன். நான் ராஜபாளையம், அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து ஓட்டுவோம். என்னைவிட ஒரு தலை உயரம், வண்டியும் அப்படியே. அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்காரும் பை, எனக்குப் பாதி டயர் மேல். அகலமும் அதிகம். பிரேக் பிடிக்க விரல் நுழையவில்லை.

எல்லாவற்றையும் பின்னால் சீட்டுக்குக் கீழே உள்ள பையில் வைத்துவிடு என்கிறாள். துணி, டியூப், பம்பு போகட்டும். இன்சுலின், சுகர் மெஷின், குளுக்கோஸ் முன்னால்தான் இருக்க வேண்டும். இருபது வயதிலிருந்து ஊசி. சுகர் இறங்கி லோ ஆனால் கை நடுங்கும், கண் மங்கும், சட்டைப் பட்டன் கூடக் கழற்ற வராது.

22ஆம் தேதி கிளம்புவதாக முடிவு. வத்திராயிருப்பு, பேரையூர், அங்கே ஒரு ராத்திரி, மறுநாள் தேனி. ஊசி தொடங்கிய பிறகு வீட்டு ஆள் இல்லாமல் நான் எங்கும் தங்கியதில்லை. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. மாமியார்தான், ஆனால் இந்த வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

மார்ச் 4, புதன்
புழுக்கம். பேண்டேஜ் கம்பெனியில் வருஷக் கடைசி. டெஸ்பாட்சில் உட்கார நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

ஆன்லைனில் போட்ட பை வந்தது. 'மிகச் சிறியது' என்று எழுதியிருந்தார்கள். யாருக்கு? மாட்டினேன், டயரில் உரசியது. இறுக்கிக் கட்டினேன், பிரேக் ஒயர் மடங்கியது.

திருப்பி அனுப்பக் காரணம் சொல்ல வேண்டுமாம். நிறம் பிடிக்கவில்லை, உடைந்து வந்தது, வேறு பொருள் வந்தது. 'என் வண்டி சின்னது' என்று ஒன்று இல்லை. நிறம் பிடிக்கவில்லை என்று போட்டேன். நிறம் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 7, சனி
அஸ்ஸாமிலிருந்து பார்சல். இவர், என் வீட்டுக்காரர், அங்கே பட்டாளத்தில் ஹவில்தார்; பொங்கல் லீவுக்கு வந்துவிட்டுப் போனார். நான் பைக்கு அலைகிறேன் என்று கேட்டு, சொல்லாமல் வாங்கி அனுப்பியிருக்கிறார். பச்சை. முரட்டுத் துணி. ஓர் ஆட்டுக்குட்டியை உள்ளே வைக்கலாம்.

போனில் ரொம்ப உற்சாகம். மேலே லாரி ஏறினாலும் கிழியாதாம். பொருந்தவில்லை என்றேன். அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றார். எதை, டயரையா என்று கேட்டுவிட்டேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார். சிக்னல் நன்றாகவே இருந்தது.

பார்சலைப் பிரித்தது அத்தை. இது எதற்கு என்று கேட்டார். சொல்ல வேண்டியதாயிற்று. தேனி என்றதும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"ஒங்க மாமாவுக்கு சுகர்ல கால எடுத்தப்ப நீ இந்த வீட்டுக்கு வரல. நான் பக்கத்துல நின்னேன்."

எனக்கு இருப்பது வேறு வகை, மாமாவுக்கு வந்தது வேறு வகை என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது.

மார்ச் 8, ஞாயிறு
கை இன்னும் சரியாக எழுத வரவில்லை.

விடிந்ததும் கிளம்பினேன், சோதனை ஓட்டம். இவர் அனுப்பிய பையைச் சுருட்டி, கயிறு போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தேன். ஸ்ரீவி.யில் ஜெ. சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. பாதி தூரத்தில் சர்ரென்று ஒரு சத்தம். பை தொங்கி டயரில் தேய்கிறது. இறங்கிக் கட்டினேன். மறுபடி தொங்கியது. மூன்றாவது முறை எரிச்சலில் மொத்தமாகக் கழற்றி, உள்ளே இருந்ததை எல்லாம் சீட்டுப் பையில் திணித்து, இதைக் கேரியரில் போடும் மூட்டை மாதிரி அதன் மேல் கட்டினேன். குளுக்கோஸ் அடியில் போய்விட்டது. தெரிந்தேதான் ஓட்டினேன். இன்னும் கொஞ்சம்தானே என்று.

ஊருக்குள் நுழையும்போது நாக்கு மரத்தது. கடை போர்டுகளில் எழுத்து நிற்கவில்லை. வேர்வை. இறங்கிவிட்டேன், அந்த மட்டுக்குப் புத்தி இருந்தது. கயிற்று முடிச்சு அவிழவில்லை. என் கைதான், நான் சொன்னதைக் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு பால்கோவா கடை, அப்போதுதான் திறக்கிறார்கள். படியில் உட்கார்ந்து "சீனி" என்றேன். கடைக்கார அம்மா பயந்துபோய் ஒரு பெரிய கட்டிப் பால்கோவாவைக் காகிதத்தில் வைத்து நீட்டினார். தின்றேன். அதற்குள் என் போன் அடிக்க, அவரே எடுத்தார். எதிர்ப்பக்கம் ஜெ. கத்தியது எனக்கே கேட்டது.

"பால்கோவா வேண்டாம்மா, அது ஏற நேரமாகும். சீனியத் தண்ணில கரைச்சுக் குடுங்க, ஒடனே."

குடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தெரு தெருவானது. ஜெ. வந்து விரலில் குத்திப் பார்த்தாள். இன்னும் குறைவாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. கயிற்றைக் கத்தியால் அறுத்தாள். கை எட்டுகிற பை கிடைக்காவிட்டால் தேனிக்கு அவளும் வரமாட்டாளாம்.

கடைக்கார அம்மா நல்லெண்ணத்தில் இன்னொரு காரியமும் செய்திருந்தார். போனில் 'வீடு' என்று இருந்த நம்பருக்கும் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் திரும்பினேன். வண்டி ஜெ. வீட்டில்.

மார்ச் 9, திங்கள்
அத்தை பேசவில்லை. சாப்பாடு வைத்தார். தட்டின் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சீனி.

இவர் போன் செய்தார். பையைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே அந்தப் பச்சைப் பை.

மார்ச் 12, வியாழன்
அரை நாள் லீவு. ஸ்ரீவி. போய் வண்டியை எடுத்தேன். அப்படியே, ஆட்டோ சீட் தைக்கிற கடை. இரண்டு நாள் முன்பே ஆபீஸ் அட்டைப்பெட்டியை வெட்டி, ஏற்கெனவே குறித்து வைத்திருந்த அளவுக்கு ஒரு டப்பா செய்து பஸ் கண்டக்டர் மூலம் அனுப்பியிருந்தேன். இதற்கு மேல் ஒரு நூல் கூட வேண்டாம் என்று போனில் மூன்று தடவை சொன்னேன். தையல்காரர் சரி சரி என்றார்.

தைத்து வைத்திருந்தார். டப்பாவைப் போல ஒன்றரை மடங்கு.

"அந்த அளவுக்குத் தச்சா ஒரு டிபன் பாக்ஸு கூட கொள்ளாதும்மா. ஒங்களுக்காகத்தான் செத்த விட்டுத் தச்சேன்."

டிபன் பாக்ஸ் வைக்கப் போவதில்லை என்றேன். பொறவு எதுக்குப் பை என்று கேட்டார். கேள்வி நியாயம் என்று கடையில் இருந்த இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஓரம் முழுக்க மஞ்சள் பைப்பிங் வேறு, அது அவர் அன்பளிப்பு. பேச்சை வளர்க்காமல் எடுத்துக்கொண்டு வந்தேன். மாட்டினேன். உரசியது. காய்கறி வாங்க ஆகும்.

எதிர்க்காற்றில் ராஜபாளையம் வரை தனியாக. வழியெல்லாம் எல்லோரையும் திட்டிக்கொண்டே. பை செய்கிறவன் எவனும் நாலடி பத்தில் ஓர் ஆளைப் பார்த்ததே இல்லையா?

மார்ச் 17, செவ்வாய்
டெஸ்பாட்சில் கூட வேலை பார்க்கும் ரேவதிக்குக் குழந்தை. எல்லோரும் சேர்ந்து பரிசு, வாங்கி வரும் வேலை என் தலையில். கடைத்தெருவில் குழந்தைச் சாமான் கடை. இந்த மாதிரிக் கடைக்குள் நான் நுழைந்து எத்தனையோ வருஷம். இரண்டு தடவை தங்கவில்லை. அதன் பிறகு டாக்டரே வேண்டாம் என்றுவிட்டார்.

கவுன் எடுத்தாயிற்று. பில் போடும் இடத்தில் பால் பாட்டில் உறைகள் தொங்கின. உருண்டையாக, நெட்டையாக. உள்ளே வெள்ளித் தாள், தடித்த பஞ்சு, சூடு ஆறாமல் இருக்க. சூட்டை உள்ளே வைத்தால் வெயிலை வெளியே வைக்காதா? தள்ளுவண்டிக் கம்பியில் கட்ட இரண்டு பட்டை. ஒன்றை எடுத்துக் கையை விட்டுப் பார்த்தேன். வாய் சுருக்குக் கயிறு, ஒரு கையால் திறந்தது.

கடைக்கார அம்மா ஆணா, பெண்ணா என்று கேட்டார். பெண்தான், ஆபீசில் ஒருத்தருக்கு என்றேன். இந்த உறை? இது எனக்கு என்றேன். எத்தனை மாதம் என்று சிரித்தபடி கேட்டார். பேருக்கு ஒரு மாதத்தைச் சொல்லியிருக்கலாம். சைக்கிளுக்கு என்றேன். சிரிப்பை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, உட்காரக்கூட இல்லை, மாட்டினேன். ஹேண்டில்பார் நடுக்கம்பியோடு சேரும் மூலையில், படுக்காமல் நிற்கிறது. கீழே டயருக்கு இடம் இருக்கிறது. பிரேக் ஒயரைத் தொடவில்லை. இன்சுலின் பேனா நின்றவாக்கில் உள்ளே போகிறது. அகலத்தில் தேடித் தேடி நாலு பை. நெட்டையாக ஒன்றை யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இளஞ்சிவப்பு. வாத்துப் படம் போட்டது. வேறு நிறம் இல்லை.

மார்ச் 18, புதன்
காலையில் உறையைக் கழற்றி, ஐஸ் ஜெல் வைத்து மேஜையில் விட்டுப் போனேன், சாயங்காலம் வரை குளிர்ச்சி நிற்கிறதா என்று பார்க்க. எடுத்து வைத்திருக்க வேண்டும்.

வேலை விட்டு வந்தால் அத்தை பத்து நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கிறார். தெருக்குழாயில் தண்ணீர் வந்தது, குடத்தைத் தூக்கப் போனேன். கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ தூக்காத."

ஸ்ரீவி.யில் மயங்கியதற்கு இன்னும் பயப்படுகிறார் என்று நினைத்தேன். இரண்டு குடம் அவரே சுமந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, எத்தனை நாளாச்சு என்றார்.

"நேத்துதான் அத்தை வாங்கினேன்."

"அதக் கேக்கல."

அவர் கண் மேஜைக்குப் போயிற்று. அப்போதுதான் புரிந்தது.

எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. சைக்கிளுக்கு என்றேன், மருந்து வைக்க என்றேன், கடையில் தற்செயலாகப் பார்த்தேன் என்றேன். ஒவ்வொன்றுக்கும் ம் என்றார். உறையை எடுத்து உள்ளே பார்த்தார். ஜெல்லைத் தொட்டார். இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அழவில்லை நான். கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. உலகத்தில் பை தைக்கிற எல்லோர் மேலும்.

ஜெல் குளிர்ச்சி நின்றிருந்தது.

மார்ச் 20, வெள்ளி
வெக்கை. திங்கள் லீவு கிடைத்தது, முணுமுணுப்போடு.

பட்டை வழுக்குகிறது. பழைய டியூபை வெட்டிக் கம்பியில் சுற்றி, அதன் மேல் கட்டினேன். சத்திரப்பட்டி ரோட்டில் குழி குழியாகத் தேடி ஓட்டினேன். அசையவில்லை. ஜெ.க்குப் படம் அனுப்பினேன். வாத்தைப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்தேன். 'கை எட்டுதா?' என்று மட்டும் கேட்டாள்.

இவரிடம் போனில் எல்லாம் சொன்னேன், அத்தை கேட்டதையும். இந்தத் தடவை சிக்னல் மேல் பழி போடவில்லை. அந்தப் பச்சைப் பையில் தேனியில் ஏதாவது வாங்கிப் போட்டு வா என்றார். அது டயரில் படும் என்றேன். தெரியும், பின்னால் கட்டு என்றார்.

மார்ச் 22, ஞாயிறு
பனி இல்லை. மலை முழுசாகத் தெரிகிறது. ஸ்ரீவி. டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜெ.க்கு நைட் டூட்டி முடிந்து வர வேண்டும்.

கிளம்பும்போது அத்தை வாசலில் நின்றார். தடுக்கப் போகிறார் என்று நினைத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசையாக வைத்திருந்தேன். வண்டி மேல் ஏறி உட்கார் என்றார். உட்கார்ந்தேன்.

"கண்ண மூடிக்கிட்டு குளுக்கோஸ எடு பாப்போம்."

எடுத்தேன். கையில் வந்தது மெஷின். மறுபடி என்றார். பேனா வந்தது. உறைக்குள் கையை விட்டு அவரே ஒவ்வொன்றாக எடுத்து, மெஷினை அடியில் போட்டு, குளுக்கோஸை மேலே வைத்தார். இப்ப எடு என்றார். வந்தது. கையை ஆட்டிக்கிட்டு எடு என்றார். கை நடுங்குகிற மாதிரி ஆட்டிக்கொண்டே எடுத்தேன். தெருவில் பால்காரர் நின்று பார்த்தார். அத்தை அவரைக் கவனிக்கவில்லை. இன்னொரு தடவை, இடது கையால்.

அதுவும் வந்தது.

"சரி. போய்ட்டு வா."

இங்கே வரை டயரில் படவில்லை. எழுந்து நின்று மிதித்தால் வலது முட்டி மட்டும் இடிக்கிறது. இடிக்கட்டும். ஜெ. வருகிறாள்.