நம் வீட்டு மணி நம் வீட்டில் அடிக்கவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உனக்கும் ஒரு குறையும் வரக் கூடாதென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் கண்ணு, எனக்கு உன் மேல் கோபம், அதை மறைத்து எழுத எனக்கு வராது.

போன லீவில் வாசல் சுவிட்சைக் கழற்றிவிட்டு கேமரா மணி மாட்டினாயே, அதிலிருந்து யார் அழுத்தினாலும் உன் போனில்தான் அடிக்கிறது, கூடத்து மணி வாயே திறப்பதில்லை. பால்காரருக்கு நீ அங்கிருந்து பதில் சொல்கிறாய், நான் அடுப்படியில் ஒன்றும் தெரியாமல் நிற்கிறேன். நம் வீட்டுக்குள் வர இனி வெளிநாட்டில் அனுமதி வாங்கணும் போல என்று அப்பாவுக்குச் சிரிப்பு. நானும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை உன் சித்தி வந்திருக்கிறாள். இத்தனை வருஷம் என்னோடு பேசாமல் இருந்தவள், தானாக வந்திருக்கிறாள். நீ அங்கே தூக்கத்தில், நான் இங்கே மிக்சியோடு. அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே மிக்சி ஓடுது, திறக்க மனசில்லை, நான் எதுக்கு நிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனாளாம், எதிர்வீட்டுத் தையல்காரம்மா சொன்னாள். சித்திக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாள்.

எலக்ட்ரீஷியன் வந்தார், பழைய வயரிங், சுவரை உடைத்துப் புதிதாக இழுக்கணும் என்றார். வேண்டாமென்று அனுப்பிவிட்டு, மெயினை அணைத்து, மணிப்பெட்டியை நானே திறந்தேன். அப்பாவை டார்ச் பிடிக்கச் சொன்னால் என் முகத்தில் அடிக்கிறார். பரண் மேல் இருக்கும் மணிக்கான குட்டி டிரான்ஸ்பார்மரில் கிளம்பும் கரன்ட் வாசல் சுவிட்சுக்குப் போய், மணிக்குள் நுழைந்து, திரும்பப் பரணுக்கே போகணும். கணக்கு எழுதுகிறவளுக்கு, வந்தது எங்கே போனது என்று தெரியாமல் விட முடியுமா? கடைசியில் பார்த்தால் மணியின் இரண்டு திருகுக்கும் நடுவே ஒரு துண்டு வயர், உன் கைவேலை. கேமராவுக்கு ஓயாமல் கரன்ட் வேண்டுமென்று மணியை ஒதுக்கிவிட்டு வழி போட்டிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

அதைப் பிடுங்கிவிட்டு, கேமராவை எடுத்து வைத்துவிட்டு, பழைய சுவிட்சை மாட்டினேன். மெயினைப் போட்டு அழுத்தினால் கணீரென்று அடித்தது. அப்பா திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்கிறார். எனக்குத்தான் சந்தோஷமே வரவில்லை, அடிக்க வேண்டிய அன்று அடிக்கவில்லையே.

வேளைக்குச் சாப்பிடு, ஆண்டவன் உன்னைக் கைவிட மாட்டார். மறக்காமல் சித்திக்குப் போன் போட்டு நடந்ததை நீயே சொல், உன் போனையாவது எடுப்பாள். நாளைக் காலை நான் அவள் வாசலில் போய் நிற்கப் போகிறேன். திறக்காவிட்டால், அவள் வீட்டு மணியும் கெட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கதவைத் தட்டுவேன்.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா