கவிதாவிடம் கேட்காமல் எழுதிய கதை

பிப்ரவரி 10, செவ்வாய். ஜமுனாமரத்தூர்.

என் புது நாவலை மின்நூலாக நானேதான் வெளியிடுகிறேன். காதலர் தினத்தன்று ஏற்றினால் நிறையப் பேர் படிப்பார்கள். ஆனால் அது என் நாத்தனார் கவிதாவின் கதை. கணவனை இழந்தவள் மறுபடி ஒருவரை விரும்பிய கதை. பெயரை மாற்றினேன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மாதம் அவருடனேயே அவளுக்குக் கல்யாணம். போளூரில் மாப்பிள்ளை வீட்டார் படித்துவிட்டால்? கல்யாணம் முடிந்தபின் வெளியிடலாம் என்று பார்த்தேன். அதுவும் திருட்டுத்தனமாகவே பட்டது.

இன்று இருவரும் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். கவிதா எழுந்தாள். கையைக் கழுவிக்கொண்டு, நாவலைப் படிக்க என் போனை வாங்கிப் போய் அறைக்குள் உட்கார்ந்தாள். சாயங்காலம்தான் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அவரு மொதல்ல எங்கிட்ட பேசுனது பஸ்ல இல்ல அண்ணி, ரேஷன் கடையில."

"இன்னா, அவ்ளோதானா? கோவம் இல்லியா?"

"கேட்டுட்டு எழுதியிருக்கலாம். ஆனா நான் அழுதத யாருமே பாக்கலன்னு நெனச்சிருந்தேன். நீங்க பாத்திருக்கீங்க."

"கல்யாணம் முடிஞ்சி வெளியிடட்டுமா?" என்றேன்.

"எதுக்கு? அவருக்கு இப்பவே அனுப்பிட்டேன். அவங்க அம்மாவுக்குப் படிச்சிக் காட்றாராம். முத்தம் குடுக்கற பக்கத்த மட்டும் தாண்டிப் படிக்கச் சொல்லியிருக்கேன்."

சிரித்துச் சிரித்து எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. சனிக்கிழமையே வெளியிடுகிறேன். இதை எழுதும்போதே கண் செருகுகிறது.