அச்சுவின் பல் சத்தமும் அப்பாவின் வைத்தியமும்

போபோடி, புனே
2 டிசம்பர் 2004, வியாழன்

சௌபாக்கியவதி வைஷுவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நான், அப்பா, அச்சு மூன்று பேரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை சந்துருவும் மினியாபோலிஸ் குளிரில் காதைக் கட்டிக்கொண்டாவது நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறவள் கடிதம் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா உள்ளறை ரிசீவரை எடுத்துக்கொண்டு நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சொல்வார். ஈமெயில் என்றால் கம்ப்யூட்டர் அவர் ராஜ்யம். இன்றைக்கு வியாழக்கிழமை, வழக்கம்போல் கரண்ட் இல்லை, அப்பா அச்சுவைக் கூட்டிக்கொண்டு காய் வாங்கப் போயிருக்கிறார், எனக்கும் பள்ளிக்கூடம் அரைநாள்தான். அச்சுவைத் தனி அறையில் உட்காரவைக்கப் போகிறார்களா என்று போன வாரம் நீ கேட்டபோது அப்பா உடனே பேச்சை உங்கள் ஊர்ப் பனிக்கு மாற்றினார் இல்லையா, அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதையும் சேர்த்து முழுதாக எழுதுகிறேன்.

பிள்ளையார் சதுர்த்தி முடிந்த கையோடு அச்சு பல்லைக் கடிக்க ஆரம்பித்தான். தூக்கத்தில் கடித்தால் அது வேறு, இவன் பட்டப்பகலில், விழித்துக்கொண்டு, சந்தோஷமாக நறநறவென்று அரைக்கிறான். மாவு மிஷினில் கல் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். உன் தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே எல்லாம் மெதுவாகத்தான் வரும் என்பதற்கு நாம் பழகிவிட்டோம், பதினோரு வயதில் பத்து வார்த்தை பேசுகிறான் என்று சந்தோஷப்படுகிறவர்கள் நாம். இது ஒன்றுதான் யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரே நாளில் வந்தது. வீட்டில் எப்படியோ பொறுத்துக்கொண்டோம், அவனுடைய ஸ்பெஷல் ஸ்கூலில் அது முடியவில்லை. அவன் பக்கத்தில் தேஜஸ்வினி என்று ஒரு பெண் உட்காருவாள், போட்டோ அனுப்பியிருந்தேனே, ரெட்டைப் பின்னல். இவன் மணி எடுத்துக் கொடுக்க, அவள் கோப்பாள். அவள் கை நீட்டினால்தான் இவன் கொடுப்பான், இவன் கொடுத்தால்தான் அவள் கோப்பாள், வேறு யார் கொடுத்தாலும் தூக்கி எறிந்துவிடுவாள். ஆனால் அந்தக் குழந்தைக்குச் சத்தம் என்றாலே ஆகாது. இவன் அரைக்க ஆரம்பித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அழுகை.

தீபாவளி லீவுக்கு முன்னால் ஹெட்மிஸ்ட்ரஸ் அகல்யா மேடம் எங்களைக் கூப்பிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. லீவு முடிந்து பள்ளி திறக்கும் அன்றைக்கு நாங்களும் வகுப்பில் உட்கார வேண்டும், ஒரு காலைப் பொழுது எல்லோரும் சேர்ந்து பார்ப்போம், இதே கதைதான் என்றால் அச்சுவை ஆயாவோடு தனி அறைக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை என்றார். நாலு பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார அவனைப் பழக்க நாம் பட்ட பாடு உனக்குத் தெரியாததா. வீட்டுக்குள்ளிருந்து ஒரு அறைக்கு, அங்கிருந்து இன்னொரு அறைக்கு என்றால் அதற்குப் பெயர் பள்ளிக்கூடமா. அன்றைக்கு ஏழாம் வகுப்பில் போர்டில் நான் போட்ட பின்னக் கணக்கைப் பிள்ளைகள் திருத்தினார்கள்.

உன் அப்பா மட்டும் அசரவில்லை. வயிற்றில் பூச்சி, வேறென்ன, இதுகூடத் தெரியாதா என்றார். பேங்க்கில் வி.ஆர்.எஸ். வாங்கியதிலிருந்து இந்த வீட்டுக்கு அவர்தான் மேனேஜர், நான் வேலைக்குப் போய்வருகிற ஜீவன், அதனால் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்தால் பூச்சி என்று நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். வேப்பங்கொழுந்தும் வாய்விடங்கமும் அரைத்து உருட்டி, ஒருத்தருக்கு இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் இருக்கும் என்று எனக்கும் கொடுத்தார். அச்சு கெட்டிக்காரன், உருண்டையை என் புடவைத் தலைப்பில் துப்பினான். நான்தான் முழுங்கினேன். டாக்டர் கொடுத்த மாத்திரையும் ஆயிற்று, பூச்சி இருந்ததோ என்னவோ, சத்தம் அப்படியே இருந்தது. பிறகு திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டதில் மாடி வீட்டு ஜக்தாப் வஹினி இருமிக்கொண்டே இறங்கி வந்து கேஸ் லீக்கா என்று கேட்டார். காது டாக்டர் காது சுத்தம் என்றார். பல் டாக்டர், கடைவாய்ப்பல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, வலி இல்லை, ஆனால் இப்படியே விடக்கூடாது என்று சொல்லி, பிம்ப்ரியில் இந்த மாதிரிக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஜெபமணி என்ற பெண்ணிடம் அனுப்பினார்.

ஸ்கூட்டரில் மூன்று பேரும் போனோம். ஜெபமணி நாசரேத்துக்காரப் பெண், உன் வயதுதான் இருக்கும், சிரித்துக்கொண்டே ஆளை உட்காரவைத்துவிடுகிறாள். பையன் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டாள். உன் அப்பாவுக்கு முகமெல்லாம் பெருமை. காலையில் பாலில் ஊறவைத்த இட்லி, மத்தியானம் பருப்பு சாதம், சாயங்காலம் வாழைப்பழம், ராத்திரி தயிர் சாதம், எல்லாம் தன் கையாலேயே ஒரு பருக்கை தட்டுப்படாமல் பிசைந்து ஊட்டுவதாகச் சொல்லி, சாட்சிக்கு டப்பாவையும் திறந்து காட்டினார். அவள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன சார், இது பிள்ளைக்குப் போடுத சோறா, சுவத்துக்குப் பூசுத சுண்ணாம்பா? அவன் தாடைக்கு வேலையே இல்லையே, அது சும்மா கெடந்து என்ன செய்யும்? பல்லோட பல்ல மெல்லத்தான் செய்யும்” என்றாள். உன் அப்பா டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். நான் நாலு வருஷமாகச் சொல்லிவருவதைத்தான் அவள் சொன்னாள், ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லிக்காட்டுகிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு சொன்னேன்.

அவள் சொன்ன வைத்தியம் எல்லாம் சாப்பாடும் விளையாட்டும்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் காரணம் வேறு வேறாக இருக்கும், இவனுக்குத் தாடை அழுத்தம் கேட்கிறது, அதைக் கொடுத்துவிட்டால் கடிப்பது குறையும் என்றாள். நீளமாகக் கிழித்த சப்பாத்தி, இந்த ஊர்ச் சோள ரொட்டியான பக்ரி, பாதி வெந்த கேரட் எல்லாம் கடைவாயில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லவைக்க வேண்டும். கெட்டி மோரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டும். காலையும் சாயங்காலமும் கன்னத்தைத் தாடையோரமாக அழுத்தி நீவிவிட வேண்டும். நான் சீடை செய்து தரட்டுமா என்று ஆசையாகக் கேட்டேன், உருண்டையாக எதுவும் வேண்டாம், தொண்டையில் மாட்டும் என்று சொல்லிவிட்டாள். ஆக எனக்கு வேலை இல்லை. அப்பா ஜக்தாப் வஹினியிடம் பக்ரி தட்டக் கற்றுக்கொண்டார். வஹினி தண்ணீர் தொட்டுத் தட்டினால் சுழன்று சுழன்று வட்டமாகிறது. இவர் தட்டிய முதல் பக்ரி கல்லில் போடும்போதே மூன்றாகக் கிழிந்தது, அதை மூன்று பக்ரி என்று வஹினியிடம் சாதித்தார். அச்சுவோ முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டு அப்படி மென்றான், இத்தனை நாள் இதை எங்கே ஒளித்துவைத்திருந்தீர்கள் என்று கேட்கிற மாதிரி.

இதெல்லாம் சுலபம், கஷ்டமான பத்தியம் ஒன்று இருந்தது, அது அச்சுவுக்கு இல்லை, அப்பாவுக்கு. நம் வீட்டில் அச்சு பல்லைக் கடித்தால் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்கிறேன். அப்பா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து “டேய் அச்சு, கடிக்காதேடா” என்று இரண்டு கையையும் ஆட்டுவார். அச்சு கைகொட்டிச் சிரித்துவிட்டு மறுபடி கடிப்பான், அப்பா மறுபடி துள்ளுவார். நாடகத்துக்கு டிக்கெட் வாங்காத குறை. ஜெபமணி முன்னாலும் இந்தக் காட்சி ஒரு தடவை நடந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இனிமேல் நீங்கள் சத்தம் போடக்கூடாது, திரும்பிக்கூடப் பார்க்கக்கூடாது, பேசாமல் ஒரு துண்டு பக்ரியை எடுத்து அவன் கடைவாயில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். உன் அப்பா வாயை மூடிக்கொண்டிருப்பதை நீ பார்த்திருக்கிறாயா? லீவு முழுதும் நான் பார்த்தேன். அச்சு நறநற என்பான், இவர் முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், வார்த்தை மட்டும் வராது. பக்ரியை வைத்துவிட்டுப் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் ஆட்டம் பார்க்க ஆள் இல்லாமல் போனதாலோ, தாடைக்கு வேலை வந்ததாலோ, அச்சுவின் சத்தம் தீபாவளி பட்சணம் தீர்வதற்குள் நன்றாகக் குறைந்துவிட்டது. சுத்தமாக நின்றுவிடவில்லை. களைத்துப்போனால், கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் கடிக்கிறான்.

பள்ளி திறந்த அன்று போனோம். சுவரோரமாக எங்களுக்கு இரண்டு குட்டி நாற்காலி, அகல்யா மேடம் எதிரே. தேஜஸ்வினி கையை நீட்டினாள், அச்சு மணியைக் கொடுத்தான், எனக்கு அப்போதே கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் நல்லபடியாகப் போயிற்று. திடீரென்று நறநற. சந்தேகமே இல்லை, அதே சத்தம். மேடம் நிமிர்ந்து பார்த்தார். தேஜஸ்வினி காதைப் பொத்திக்கொண்டாள். போச்சு, தனி அறைதான் என்று நினைத்தேன். எல்லோரும் அச்சுவைப் பார்க்கிறோம், அச்சுவோ வாயை ஆவென்று திறந்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, கிண்ணத்தில் சிவப்பு மணி தேடிக்கொண்டிருக்கிறான். சத்தம் மட்டும் நிற்கவில்லை. தேஜஸ்வினி காதிலிருந்து கையை எடுக்காமலே எழுந்து, அச்சுவைத் தாண்டி, நேராக உன் அப்பா முன்னால் வந்து நின்று அவர் வாயை முறைத்துப் பார்த்தாள். உன் அப்பாதான், வைஷு. ஆறு மாசத்துக்கு முன்னால் கட்டிக்கொண்ட பல்செட்டைப் பயத்தில் அரைத்துக்கொண்டிருந்தார், அவருக்கே தெரியாது. நான் முழங்கையால் இடிப்பதற்குள் அச்சு எழுந்தான். பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தான். பக்ரியை நீளமாக ஒரு துண்டு கிழித்தான். அப்பாவிடம் வந்து, சத்தம் போடாமல், முகத்தைக்கூடப் பார்க்காமல், அவர் கடைவாயில் அதைச் செருகிவிட்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து மணி எடுக்க ஆரம்பித்துவிட்டான். அப்பா அந்தப் பக்ரியை மென்றார். சத்தம் நின்றது. தேஜஸ்வினி காதிலிருந்து கையை எடுத்து அச்சுவிடம் நீட்டினாள்.

அகல்யா மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அச்சு இங்கேயேதான் இருப்பான், கடித்தால் பக்ரி கொடுக்க டீச்சருக்கும் சொல்லிவைக்கிறேன், தனி அறை யாருக்காவது வேண்டும் என்றால் இவருக்குத்தான் என்று அப்பாவைக் காட்டினார். அப்பாவும் சிரித்தார், ஆனால் வாசலுக்கு வந்ததும் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் அப்படியே நின்று அழுதுவிட்டார். “எனக்கு ஊட்டிவிட்டுட்டான்டி, ஆனந்தா” என்றார். ஒரு தடவையாவது நானும் வாயை மூடிக்கொண்டிருக்கலாமே என்று இருந்தேன்.

இதுதான் நடந்தது, அப்பா ஏன் பேச்சைப் பனிக்கு மாற்றினார் என்று இப்போது புரிந்திருக்கும். அழுதது வரைக்கும் எழுதிவிட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வரட்டுமா என்று கேட்டாயே, வேண்டாம், கோடையில் ஒரு மாசம் வந்து அப்பா கையால் பக்ரி சாப்பிட்டுவிட்டுப் போ, இப்போது வட்டத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் தீர்க்காயுளாக, சண்டை போட்டாலும் சாப்பாட்டு வேளைக்குள் சமாதானமாகி, நன்றாக இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விடாதே. ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது நறநறவென்று கேட்டால் லைன் கோளாறு என்று நினைத்து வைத்துவிடாதே, உள்ளறை ரிசீவரில் அவர் உன் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். சீக்கிரம் அச்சுவைக் கூப்பிடு.

இப்படிக்கு, உன் நலமே நினைக்கும் அம்மா,
ஆனந்தவல்லி கல்யாணசுந்தரம்