சமையலறைக் கடிகாரமும் என் ஐந்து கிலோமீட்டரும்

15 பிப்ரவரி 1982, திங்கள்

காற்று. மழை இல்லை. நல்ல இருட்டு. ஜனவரியில் அரசாங்கமே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டதிலிருந்து விடிவதே ஏழு மணிக்கு மேல்தான். கடிகாரத்தில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்று ஆகிவிட்டது.

அவர் ஐந்து மணிக்கே துறைமுகத்துக்குக் கிளம்பியாச்சு. பிள்ளைகள் தூக்கம். கிரில் கேட்டைப் பூட்டி, சாவி என் கழுத்தில். 5.20க்கு ஓட்டம். சமையலறைக் கடிகாரத்தில் 5.30. பள்ளி பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று எங்கள் வீட்டில் எப்போதும் பத்து நிமிஷம் கூட்டித்தான் வைப்போம். மனசுக்குள் கழித்துக்கொள்ள வேண்டும்.

பாதை: எங்கள் அடுக்குமாடி புளோக் அடி, மார்க்கெட், பள்ளிக்கூட வேலி, கிளினிக், மறுபடி புளோக். இரண்டு சுற்று. ஐந்து கி.மீ. என்று அவர் மோட்டார் சைக்கிள் மீட்டரில் அளந்து சொன்னது. அந்த மீட்டர் மேல் எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

நேரம்: 32 நி. இரண்டு வாரமாக அதே 32. டிசம்பரில் 38. இடது முழங்கால் பரவாயில்லை.

வியாழனன்று எல்லாரும் அவரவர் நேரத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். 28ஆம் தேதி ஞாயிறு, பெண் தொழிலாளர்கள் ஓட்டம். எங்கள் ஃபேக்டரியிலிருந்து நாலு பேர். மூன்று இடம் ஹாஸ்டல் பெண்களுக்கு. சின்ன வயசு, பிள்ளை குட்டி இல்லை, பறப்பார்கள். நாலாவது இடம் எனக்கா, ஃபிலோமினாவுக்கா என்பதுதான் பேச்சு. லைனில் எனக்கு எதிரே உட்கார்ந்து சால்டரிங் செய்கிறவள். மூன்று பிள்ளை. 29 நிமிஷமாம். யார் பார்த்தது? அவள் புருஷன். எங்கே? கோயில் கார் பார்க்கில், ஞாயிறு பூசை முடிந்து. புருஷன் பிடிக்கிற கடிகாரம் பொண்டாட்டி பக்கம்தான் சாயும்.

ஓடுகிறவர்களுக்கு டீ-ஷர்ட் உண்டு. முதுகில் அவரவர் பேர் அச்சடித்து. கிளினிக்கில் நான் ‘வள்ளி அம்மா’. பள்ளியில் ‘குமார் அம்மா’. என் பேரை எங்காவது பெரிதாகப் பார்க்க ஆசை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

16, செவ்வாய்

27!!

இரண்டு தடவை பார்த்தேன். கிளம்பும்போது 5.30, வரும்போது 5.57. சமையலறையில் நின்றபடியே சிரித்துவிட்டேன். வள்ளி படுக்கையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னம்மா?” என்றாள். “உங்கம்மா குதிரை” என்றேன். காலையில் ஆளுக்கு இரண்டு தோசை என்பது கணக்கு; இன்று கேட்கக் கேட்க வார்த்தேன். கத்தவில்லை. குமார் ஒரு காலுறையைத் தொலைத்ததற்குக்கூட.

பள்ளி பஸ் ஐந்து நிமிஷம் முன்னதாக வந்து ஹார்ன். சட்டினி வாயோடு ஓட்டம். இந்த அங்கிளுக்கு என்ன அவசரம்?

17, புதன்

27. நேற்றைய ஓட்டம் அதிர்ஷ்டம் இல்லை.

பஸ் மறுபடி சீக்கிரம். இறங்கிப் போய்க் கேட்டேன்.

“அங்கிள், ஏன் இப்பல்லாம் முன்னாடியே வரீங்க?”

“நான் எப்பவும் ஆறு நாப்பதுதான் லா. உங்க வீட்டு கடிகாரத்தப் பாருங்க.”

என்ன திமிர். வேறு வீட்டுப் பிள்ளை யாரையோ புதிதாக ஏற்றுகிறார், அதற்காக எங்களை அவசரப்படுத்துகிறார். நிச்சயம்.

சாயங்காலம் ரேடியோ செய்திக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்து, “அஞ்சு நிமிஷம் பின்னால போகுது, நேத்தும் இப்படித்தான்” என்று திருப்பி வைத்தார். பேட்டரியும் மாற்றினார். மார்க்கெட் கடைக்காரன் பழைய பேட்டரியைப் புதுசென்று தலையில் கட்டியிருப்பான்.

18, வியாழன்

26.

ஃபேக்டரி பஸ்ஸும் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது! இரண்டு டிரைவர்களும் பேசி வைத்துக்கொண்டார்களா? ஃபேக்டரி இருக்கும் கிளமெண்டி வரை இரண்டு பஸ் மாறிப் போய், பஞ்ச் கார்டில் தாமதம் என்று சிவப்பு. 

காகிதத்தில் எழுதினேன்: மல்லிகா, 26. லைன் லீடர் மிஸ் லிம் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தாள். கைதட்டல். நாலாவது பேர் என் பேர். ஃபிலோமினா ரிசர்வ்.

ஃபிலோமினா சாப்பாட்டு மேசையில்: “ஒரே மாசத்துல இவ்ளோ வேகமா? என்ன சாப்பிடுற நீ?”

கேட்ட தோரணை சரியில்லை. பொறாமை. சிரித்துக்கொண்டே கேட்டாலும் பொறாமை பொறாமைதான்.

20, சனி

அரை நாள் வேலை. பிறகு ஜாலான் புசார் கடைத்தெரு. என் வாட்ச் மூன்று வாரமாக ரிப்பேரில். கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் சின்னக் கண்ணாடிப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் கிழவர்.

“செவ்வாக்கிழமை வாம்மா. கண்டிப்பா.”

போன செவ்வாயும் கண்டிப்பாகத்தான் சொன்னார். உள்ளே இருக்கிற நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு மட்டமானதைப் போட்டுவிடுவாரோ என்று பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். “என்ன பாக்குற?” என்றார். “சும்மா” என்றேன்.

வாங்க: உளுந்து, குமாருக்குக் காலுறை, காலணிக்கு வெள்ளைப் பூச்சு, முழங்காலுக்குத் தைலம்.

23, செவ்வாய்

26. பஸ் வழக்கம்போல ‘சீக்கிரம்’. இப்போதெல்லாம் நானே ஐந்து நிமிஷம் முன்னால் கீழே இறக்கிவிடுகிறேன். ஊரோடு ஒத்து வாழ வேண்டியிருக்கிறது.

வேலை முடிந்து ஜாலான் புசார் போய் வாட்சை வாங்கியாச்சு. நாளை கட்டிக்கொண்டு ஓட வேண்டும்.

24, புதன்

வாட்ச் கட்டிக்கொண்டு ஓட்டம். 

கிளம்பும்போது கடிகாரம் 5.30, வாட்ச் 5.20. சரி. திரும்பியபோது கடிகாரம் 5.56. வாட்ச் 5.51.

கடிகாரப்படி 26. வாட்ச்படி 31.

முதலில் வந்தது கோபம். கிழவர் உள்ளே மெஷினை மாற்றிவிட்டார்! அரை மணியில் ஐந்து நிமிஷம் பாய்கிற வாட்சை என் கையில் கட்டிவிட்டார். சாயங்காலம் போய்ச் சண்டை போடுவதென்று பஸ் முழுக்க வசனம் தயார் செய்தேன்.

ஃபேக்டரி வாசலில் பஞ்ச் மெஷின். வாட்சைப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை. பத்து மணிக்குப் பார்த்தேன். சாப்பாட்டுக்குப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை.

எதிரே ஃபிலோமினா, நெற்றியில் சாம்பல் சிலுவை. இன்று அவர்களுக்குச் சாம்பல் புதன். விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். ஒரு வேளைதான் சாப்பாடாம். “இருந்தாலும் சாயங்காலம் ரெண்டு ரவுண்டு ஓடிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்” என்றாள். ரிசர்வுக்கு என்ன ஓட்டம்? கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கு இல்லை.

பஸ் அங்கிள், ஃபேக்டரி பஸ், பேட்டரிக்காரன், கிழவர், ஃபிலோமினா, அவள் புருஷன். எல்லாரையும் சந்தேகப்பட்டேன். என்னைக் குதிரை என்று சொன்ன அந்த ஒரு கடிகாரத்தை மட்டும் சந்தேகப்படவில்லை.

வீட்டில் அந்த நேரத்தில் இருப்பது இரண்டு பேர். இரண்டு பேரும் தூக்கம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாளை பார்ப்போம்.

25, வியாழன்

ஓடவில்லை. கேட்டைப் பூட்டி, படியில் சத்தம் வர இறங்கி, இரண்டாம் மாடியில் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி திரும்பி ஏறினேன். சொந்த வீட்டுக்கே திருடி. காரிடார் ஜன்னல் வழியாகச் சமையலறை தெரியும்.

வள்ளி ஸ்டூல் மேல். கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்து, பின்னால் இருக்கும் திருகைத் திருப்பிக்கொண்டு. பத்து வயசு. நாக்கு வெளியே துருத்தியபடி. கணக்குப் போடும்போதும் அப்படித்தான்.

கேட்டைத் திறந்தேன். இறங்கவும் தெரியாமல் மாட்டவும் தெரியாமல் நின்றாள்.

“எத்தன நாளா?”





“போன வாரத்துலேர்ந்து. அஞ்சு நிமிஷம்தான்மா. நீங்க வந்து எழுப்புறதுக்குள்ள தம்பியும் நானும் இன்னும் கொஞ்சம் தூங்கலாம்னு.”

“பஸ் போயிடும்னு தெரியாதா?”

“ஒரு நாளுக்குத்தான் செஞ்சேன். ஆனா அன்னிக்கு நீங்க ஓடி வந்து நேரம் பாத்து சிரிச்சீங்க. கத்தவே இல்ல. தோச கேக்கக் கேக்கப் போட்டீங்க. அதான் மறுநாளும் செஞ்சேன்.”

அடிக்கக் கை ஓங்கியிருந்தது. இறக்கிவிட்டேன். நான் சிரிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை இருட்டில் ஸ்டூல் ஏறுகிறது. மற்ற நாளெல்லாம் நான் எப்படி இருக்கிறேன்? வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதும்.

ஃபேக்டரியில் இன்று டீ-ஷர்ட் கொடுத்தார்கள். முதுகில் மல்லிகா. தமிழில் இல்லை, ஆங்கிலத்தில்தான், ஆனால் பெரிய எழுத்து. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். 

அவரிடம் வள்ளி விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிப்பு. “நான் பேட்டரியெல்லாம் மாத்தினேன்டி!”

26, வெள்ளி

விடியற்காலை ஓட்டம், வாட்சில் 31. பழைய 32க்கு ஒன்று குறைவு. இதுதான் நிஜமான முன்னேற்றம், சந்தோஷப்பட வேண்டியது. படவில்லை.

யோசனை: சொல்லாமல் விட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? ஞாயிறு அன்று நேரம் கூடினால் முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்ளலாம். 31க்கும் 29க்கும் இரண்டு நிமிஷம்தான். டீ-ஷர்ட் ஏற்கெனவே என் பேரில்.

எதிரே ஃபிலோமினா தலை குனிந்து சால்டரிங். அவளுக்கு ஞாயிறு பூசை, மூன்று பிள்ளை, மாமியாருக்கு வேளா வேளைக்கு மருந்து. அதற்கு நடுவே பிடித்த 29. அதை நான் தோசைக்கும் சிரிப்புக்கும் நடுவே தட்டிப் பறித்திருக்கிறேன்.

டீ நேரத்தில் சொல்லிவிட்டேன். கடிகாரம், வள்ளி, ஸ்டூல், எல்லாம். கோபப்படுவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள்.

“எனக்கு அப்பவே சந்தேகம் லா. இருபத்தாறு நிமிஷத்துல ஓடுறவள விட்டுட்டு ஃபேக்டரி பஸ் எப்படிப் போகும்?”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா பொறாமைம்ப.”

அவளே தொடர்ந்தாள்.

“நாளைக்கு ஸ்டேடியம் வா, மல்லிகா. ரெண்டு பேரும் ஓடுவோம். உன் வாட்சு, என் வீட்டுக்காரர் வாட்சு, ரெண்டையும் வச்சுப் பாப்போம். யாரு முந்துறோமோ அவங்க போவோம்.”

எதற்கு இவ்வளவு பெருந்தன்மை? ஜெயிக்கிற நிச்சயமா? ச்சே. இந்தப் புத்தி போகாது எனக்கு.

27, சனி

வேலை முடிந்து ஸ்டேடியம். வெயில். பன்னிரண்டரை சுற்று. ஃபிலோமினா வெறும் தண்ணீர் குடித்துவிட்டு ஓடினாள். எட்டாவது சுற்று வரை பக்கத்தில் பக்கத்தில். அப்புறம் அவள் முதுகு.

ஃபிலோமினா 29.10. நான் 30.40.

இரண்டு வாட்சும் ஒரே மாதிரி. அவள் புருஷன் எனக்குத் தண்ணீர் கொடுத்து, “நல்லா ஓடுனீங்க சிஸ்டர்” என்றார். இந்த மனுஷனையா அப்படி நினைத்தேன்.

கழிப்பறைக்குப் பின்னால் நின்று அழுதேன். என் வாழ்க்கையிலேயே வேகமான நேரம், அன்றைக்குத்தான் தோல்வி. பிறகு கோப்பிக் கடை போனில் மிஸ் லிம்மைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அய்யோ, சர்ட்டு பிரிண்ட் பண்ணியாச்சு லா!” என்பதுதான் அவள் கவலை.

டீ-ஷர்ட்டைப் பையிலிருந்து எடுத்து ஃபிலோமினாவிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது கை கொஞ்சம் தாமதித்தது. அவள் பார்த்தாள்.

28, ஞாயிறு

மேகம். ஓட நல்ல நாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு வேலை. ஓரமாக நின்றோம், என் கையில் ஃபிலோமினாவின் பை, செருப்பு, ஜெபமாலை.

அவள் எங்களைத் தாண்டிப் போனாள். முதுகில் என் பேர். யாரோ ஒரு சீனப் பாட்டி அதைப் படித்து, “மாலிகா! மாலிகா! ஃபாஸ்ட் ஃபாஸ்ட்!” என்று கத்த, நான் திரும்பிப் பார்த்தேன். வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

“என்னாலதானேம்மா?”

“இல்லடி. அவ என்னவிட வேகம்.”

சொல்லும்போதே அது நிஜம் என்று தெரிந்தது. குமாரோடு சேர்ந்து நானும் கத்தினேன். என்ன பேரைச் சொல்லிக் கத்துவது என்றுதான் குழப்பம்.

ஃபிலோமினா 28.55. டீ-ஷர்ட்டைத் துவைத்துத் தருகிறாளாம். சுருக்காமல் தந்தால் சரி.

சாயங்காலம் செய்திக்கு அவர் கடிகாரத்தைச் சரிசெய்தபோது, “பத்து நிமிஷம் கூட்ட வேணாம். உள்ளபடி வைங்க” என்றேன். நம்பாமல் பார்த்தார். வைத்தார்.

1 மார்ச், திங்கள்

தூறல். 5.20. கடிகாரத்திலும் 5.20.

பூட்டும்போது வள்ளி எழுந்து வந்துவிட்டாள். போய்த் தூங்கு என்றேன். கேட்கவில்லை. என் வாட்சை வாங்கிக்கொண்டு கிரில்லுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

இரண்டு சுற்று. மார்க்கெட் திருப்பத்தில் வழுக்கல். கடைசி மாடிப்படி வரை விடவில்லை. மூச்சு வாங்க வந்து நின்றேன்.

“முப்பது இருவதும்மா.”

“நிஜமா?”

“நீங்களே பாருங்க.” கம்பி வழியாக வாட்சை நீட்டினாள்.

பார்க்கவில்லை. கேட்டைத் திறந்து போய்த் தோசைக்கல்லை வைத்தேன்.