அக்கா காய்ச்சிய கஞ்சி

12-8-98, புதன்

தொண்டை இன்னும் எரிகிறது. காலையில் ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எனக்கு மூச்சு முட்டியபோது அக்காதான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் அழுதாள்.

பால் ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து டீ, தயிர் எதையும் நான் தொடவில்லை. அக்கா காய்ச்சித் தரும் ராகிக் கஞ்சிதான். இருந்தும் உப்புசமும் பேதியும் நிற்கவில்லை. பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் மிஷினை விட்டு எழுந்து எழுந்து ஓடி, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன். பாலை நிறுத்தியும் கேட்கவில்லை என்றால் வேறு ஏதோ பெரிதாக இருக்கும் என்றுதான் டாக்டர் குழாய் விடச் சொன்னார்.

சாயங்காலம் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். அக்கா கஞ்சியில் பால் பவுடர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"மொதல்லேர்ந்தே. பால் இல்லாம உடம்பு என்னத்துக்கு ஆவும்? எல்லாம் உன் மனசுலதான்டி இருக்குது. தெரியாம குடிச்சா ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்."

கஞ்சி ஏன் வெளுத்திருக்கிறது என்று ஒருநாள் கேட்டிருக்கிறேன். மாவு நைசாக அரைத்தது என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

குழாய் விடுவதற்கு முன்னாலாவது வாயைத் திறந்திருக்கலாம். என் கை அவள் கையில்தானே இருந்தது.

இப்போது கட்டில் பக்கத்தில் ஒரு டம்ளரை மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். "வேற காய்ச்சினேன். வெறும் ராகிதான், சத்தியமா."

காலையிலிருந்து பட்டினி. மூடியைத் திறந்து பார்த்தேன். ராகி நிறம்தான். மறுபடி மூடி வைத்துவிட்டேன்.