என் கால் எட்டாத தூரத்தில் நீ நின்றாய்

இன்று காலை எங்கள் பள்ளிக் கரும்பலகைக்குக் கரியும் இலைச்சாறும் அரைத்துப் பூசினார்கள். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பலகை பூசிய நாளில் மட்டும் உனக்கு எழுத்து கொஞ்சம் புலப்படும். "இன்னிக்கு என்னமோ எழுதியிருக்காருடி, வெள்ளையா நெளியுது" என்று என் விலாவில் இடிப்பாய். மற்ற நாளெல்லாம் உனக்கு அது வெறும் சுவர்தான்.

ஜெலுத்தோங்கில் அந்த அத்தாப்பு ஓலைக் கூரைப் பள்ளியில் மூன்று வருஷம் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்போதெல்லாம் பாடம் என்றால் முறை சொல்வதுதான். சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்வான். வகுப்பு முழுக்க அதைத் திருப்பிக் கத்தும். இரண்டு தடவை காதில் விழுந்தால் உனக்குப் போதும். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மனப்பாடமாக இருப்பதைக் கணீரென்று படிப்பதுபோல் சொல்வாய். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் நான் உன் கால்விரலை மிதிப்பேன். ஒருநாள் பலமாக மிதித்துவிட்டேன் என்று இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினாயே, அடி கள்ளி! சிரித்ததற்காக அன்று நான்தான் வெளியே நின்றேன்.

எனக்கு அது விளையாட்டு. உனக்கு அப்படியில்லை. பார்வை மங்கல் என்று தெரிந்தால் பள்ளியை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தாய். "யார்கிட்டயும் சொல்லாதே. அம்மா மேல சத்தியம் பண்ணு" என்றாய். பண்ணினேன்.

பிறகு பள்ளிச் சோதனைக்கு வெள்ளைக்காரத் துரையும், அவருக்கு எழுத்து வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் கிராணியும் வந்தார்கள். நீ படித்த விதம் அவர்களுக்குப் பிடித்துப்போய், உன்னையே பலகையருகே கூப்பிட்டார்கள். அதில் ஐந்து சொற்கள் எழுதியிருந்தன. என் கால் எட்டாத தூரத்தில் நீ நின்றாய். "படி, பிள்ள" என்றார் கிராணி. நீ வாயே திறக்கவில்லை. வாத்தியாரின் முகம் செத்துப்போனது.

அவர்கள் போனதும் வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். "நீதானே பக்கத்துல உட்கார்றே? இவளுக்குக் கண்ணுல கோளாறா, இல்ல திமிரா? உண்மையச் சொல்லு." மேசைமேல் ரோத்தான் பிரம்பு இருந்தது.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன். சொன்னேனே, பாவி!

சத்தியத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பிரம்படிக்குப் பயந்தேன். திமிர் என்றே முடிவாயிற்று. மறுநாள், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் உன் அப்பாவை வரவழைத்து, "என் மானத்த வாங்கணும்னே வாயடைச்சு நின்னா. இனிமே அனுப்பாதீங்க" என்றார் வாத்தியார். என் பெயரை நீ எடுக்கவேயில்லை.

ஒரு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். திட்டுவாய் என்று நினைத்தேன். நீயோ, "வந்துட்டியா! இப்ப எந்தப் பாடம் நடக்குது? சொல்லு லா" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தாய். யானைப் பாடத்தைச் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அதன்பிறகு உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் நீ போய்விட்டாய். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தலை சீவிக்கிட்டு உட்கார்ந்திருந்தாம்மா, நீ பாடம் சொல்ல வருவேன்னு."

இப்போது நானும் ஒரு டீச்சர். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் முதல் நாளே கடைசி வரிசையில் நிறுத்திப் பலகையைப் படிக்கச் சொல்கிறேன். தடுமாறினால் திட்டுவதில்லை, முன்னால் கூட்டிவந்து, பெரிய பெரிய எழுத்தாக எழுதித் தருகிறேன். "எல்லாரையும் முன்னுக்குக் கூட்டிட்டு வந்தா பின்வரிசையில யாரும்மா உட்கார்றது?" என்று தலைமையாசிரியர் கேலி பேசுகிறார். பேசிவிட்டுப் போகட்டும்.

இதையெல்லாம் உனக்காகச் செய்கிறேன் என்று பெருமையாக எழுதக் கை வரவில்லை. நீ கேட்டது அடுத்த பாடம் ஒன்றுதான். உன் வீடு நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. நான் வரவில்லை.